பெரிய வெள்ளிக்கு ஒட்சிசன்

பெரிய வியாழன் காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு விண்வெளி நிலையத்தின் ஐதரசன் தாங்கி நிரம்பியது. அந்த நிமிடமே ஒட்சிசன் இயந்திரமும் நின்றுபோனது.

குருநகரில் தன் வீட்டு முன்னறையில், கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்த கனிசியஸ் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு கொப்பியை எடுத்து எழுதினார்: "7.20. இயந்திரம் நின்றது. காரணம்: ஐதரசனுக்குப் போக இடமில்லை."

அவருக்கு வயது அறுபத்தாறு. இடம்பெயர்ந்திருந்த மாதங்களைக் கழித்து முப்பத்தொரு வருடம் ஐஸ் பக்ரறியில் அமோனியாக் கொம்பிரசர் பார்த்தவர். ஒருநாளும் வாயு கசியவிடாதவர் என்று சொல்லி, ஓய்வுபெற்ற அன்று ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் இப்போதும் நேரம் எழுதுகிறார்.

நிலையம் இருப்பது ஒரு கணினி விளையாட்டுக்குள். விளையாட்டு என்ற சொல்லைக் கனிசியஸ் பாவிப்பதில்லை. கனடாவில் இருக்கும் மகள் லவீனாவும் மருமகன் ஜெரிசனும், நோர்வேயில் இருக்கும் மகன் ஜெயசுதனும் அவன் மனைவியும் சனிக்கிழமைகளில் அந்த நிலையத்தில் கூடுவார்கள். மற்ற நாட்களில் அவர்களுடைய உருவங்கள் நான்கும் அங்கே நான்கு கட்டில்களில் படுத்து நித்திரை கொள்ளும். விழித்திருப்பவர் கனிசியஸ் ஒருவர்தான். ஐஸை உடைத்து உருக்கி, தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து, ஒட்சிசனை ஒரு தாங்கியிலும் ஐதரசனை இன்னொரு தாங்கியிலும் அடைத்து வைப்பது அவருடைய பொறுப்பு.

"நாலு பேரின்ரை மூச்சு உங்கடை கையிலை, அப்பா" என்று லவீனா முதல் நாளே சொல்லியிருந்தாள்.

அதற்கு முதல் மாதம் பிள்ளைகள் முன்னறையில் ஒரு கமரா பூட்டுவித்திருந்தார்கள். மனைவி மார்கிரட் இறந்தபின் அவர் தனியே இருக்கிறார் என்பது அவர்கள் சொன்ன காரணம். கனிசியஸ் அந்தக் கமரா மறையும்படி அதற்கு நேரே அந்தோனியார் படத்தைக் கொழுவிவிட்டார். "என்னை ஆரும் காவல் காக்கத் தேவையில்லை" என்றார். பிறகுதான் இந்தக் கொம்பியூட்டர் வந்து இறங்கியது. இதில் காவல்காரர் அவர். ஆகையால் சம்மதித்தார்.

இன்றைய சிக்கல் சாதாரணமானதல்ல. நாளை பெரிய வெள்ளி. அவர் வீட்டில் பெரிய வெள்ளியன்று ஆணி அடிப்பதில்லை, விறகு கொத்துவதில்லை, தேங்காய் உடைப்பதில்லை. ஐஸ் உடைப்பதும் அதில் அடங்கும் என்று அவர் முடிவு செய்திருந்தார். பங்குச் சுவாமியிடம் கேட்டிருக்கலாம். ஆனால் கேள்வியை எங்கேயிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. எனவே இரண்டு நாளைக்கான காற்றையும் இன்றைக்கே செய்து அடைத்துவிட வேண்டும்.

எட்டு மணிக்கு அடைக்கலநாதன் வந்தார். ஐஸ் பக்ரறியில் இவரோடு இயந்திரம் பூட்டும் பிற்றராக இருந்தவர். காலைப் பேப்பர் வாசிக்க என்று வருவார்; பேப்பரைத் தொடமாட்டார். கனிசியஸைப் பேர் சொல்லாமல் "ஐசே" என்றுதான் கூப்பிடுவார்.

"ஐசே, என்ன, உம்மடை கப்பல் ஓடுதோ?"

"கப்பல் இல்லை. நிலையம்."

"சரி, நிலையம். ஏன் முகம் கறுத்திருக்கு?"

"ஐதரசன் நிரம்பிட்டுது. அது நிரம்பினால் ஒட்சிசனும் வராது. தண்ணியைப் பிரிச்சால் ரெண்டும் சேர்ந்துதான் வரும். ஒட்சிசன் ஒரு பங்கு எண்டால் ஐதரசன் ரெண்டு பங்கு."

அடைக்கலநாதன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "தேவையானது ஒரு பங்கு, தேவையில்லாதது ரெண்டு பங்கு. கலியாண வீட்டுக்குச் சனம் வாற மாதிரி. உதைத் திறந்து வெளியிலை விடுமன்."

"விடுறதோ? முப்பத்தொரு வருசத்திலை நான் ஒரு சொட்டு அமோனியா வெளியிலை விட்டனானோ?"

"ஒருக்கா விட்டீர். ரெண்டாயிரத்து மூண்டிலை. பக்கத்து வளவுக் கோழியள் முழுக்கச் செத்தது."

"அது வால்வின்ரை பிழை."

"கோழியளுக்கு அது தெரியாதே."

கனிசியஸ் திரைப்பக்கம் திரும்பினார். நிலையத்தின் படத்தை அறை அறையாகப் பார்த்துக்கொண்டு போனார். தோட்ட அறையில் வந்து நின்றார். அங்கே லவீனா நட்ட தக்காளி பதினொரு செடி இருந்தது. உயிர்த்த ஞாயிறன்று முதல் பழம் பிடுங்குவதாக ஏற்பாடு.

"அறையும் ஒரு தாங்கிதானே" என்றார். "கதவு நல்ல இறுக்கம். ஆக்களும் இல்லை. ஐதரசனை இதுக்குள்ளை விடுவம். ஞாயிற்றுக்கிழமை திருப்பி எடுப்பம்."

அடைக்கலநாதன் கொஞ்ச நேரம் யோசித்தார். "உம்மடை மூளைக்கு இந்த ஊர் காணாது" என்றார். அவர் புகழ்கிறாரா இல்லையா என்பது முப்பத்தொரு வருடமாகக் கனிசியஸுக்குத் தெரியாது.

குழாய் தோட்ட அறைக்குத் திருப்பப்பட்டது. இயந்திரம் மறுபடி ஓடியது. ஒன்பது நாற்பதுக்கு ஒட்சிசன் நூற்றுக்கு எழுபத்தொன்று. கனிசியஸ் அதை எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தார். இருவரும் பிளேன்ரீ குடித்தார்கள்.

ஒன்பது ஐம்பதுக்குத் தக்காளிச் செடிகள் பதினொன்றும் தலையைத் தொங்கப் போட்டன.

"ஐசே, உதுகள் மயங்குது."

"காத்துக் காணாது."

"பின்னை இல்லையோ? நீர் அதுகளை ஐதரசனுக்குள்ளை இருத்திப்போட்டீர்."

லவீனா சின்ன வயதில் ஒரு முருங்கைக் கன்று பட்டதற்கு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தவள். "கொஞ்சம் ஒட்சிசன் விடுவம்" என்றார் கனிசியஸ்.

"கனக்க விடாதையும்."

"ஒரு மிடறு. உயிர் பிடிக்கிற அளவுக்கு."

ஒட்சிசன் குழாயைத் தோட்ட அறைக்குத் திறந்தார். செடிகள் மெல்லத் தலை நிமிர்ந்தன. முதலாவது செடி, இரண்டாவது செடி என்று அவர் எண்ணிக்கொண்டு வந்தார். ஏழாவது செடிக்கு வரும்போது மணி பத்து. ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குத் தோட்ட அறை விளக்கு ஒரு சின்னப் பொறியோடு தானாகப் பற்றும். அன்றும் பற்றியது.

திரை வெள்ளையாகியது.

இருவரும் பிளேன்ரீக் கோப்பைகளைக் கீழே வைத்தார்கள்.

"விளக்கை நாங்கள் யோசிக்கேல்லை" என்றார் கனிசியஸ்.

"ஓம்" என்றார் அடைக்கலநாதன். "அது ஒண்டுதான் யோசிக்கேல்லை."

தோட்ட அறை நின்று எரிந்தது. கனிசியஸ் செடிகளைக் காப்பாற்ற அறைக் கதவைத் திறந்தார். அதனால் நெருப்பு நடைபாதைக்கு வந்தது. நடைபாதைக்கு வந்த நெருப்பை அணைக்கக் காற்றாடியைப் போட்டார். அதனால் நெருப்புக்கு நல்ல காற்றுக் கிடைத்தது. பக்ரறியில் சிவப்புப் பிடி என்றால் மூடுவது. அவர் சிவப்புப் பிடியைத் திருகினார். இங்கே சிவப்புப் பிடி திறப்பது. ஒட்சிசன் எழுபத்தொன்றிலிருந்து அறுபது, நாற்பது, முப்பது என்று இறங்கியது.

"மற்றப் பக்கம்! மற்றப் பக்கம் திருகும், ஐசே!"

"நான் திருகிறது மற்றப் பக்கந்தான்!"

"அப்ப மற்றதின்ரை மற்றப் பக்கம்!"

கடைசியில் தோட்ட அறைச் சுவரில் ஓட்டை விழுந்து, உள்ளே இருந்த காற்றெல்லாம் வெளியே போய், நெருப்புத் தானாக நின்றது. நித்திரை கொள்ளும் அறையின் கதவு மூடியிருந்தது. நான்கு கட்டில்களிலும் நான்கு பேரும் அசையாமல் கிடந்தார்கள். கனிசியஸ் முதலில் அதைப் பார்த்தார். பிறகுதான் ஒட்சிசன் மானியைப் பார்த்தார்.

பதினைந்து.

அடைக்கலநாதன் திரைக்குக் கிட்டப் போய்த் தோட்ட அறையைப் பார்த்தார். ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து எரிந்து தண்ணீராகி, ஓட்டை விழுந்த அறையின் குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்துபோயிருந்தது. காலை முழுக்க உடைத்த ஐஸ், தரையெங்கும் மறுபடி ஐஸாகக் கிடந்தது.

"கைப்பழக்கம் விடாது, ஐசே" என்றார் மெதுவாக. "எங்கை கொண்டுபோய் விட்டாலும் நீர் ஐஸ்தான் செய்வீர்."

ஓட்டையை அடைத்து, எரிந்த வயரை மாற்றி முடிய மணி நாலரை. இயந்திரம் ஓடும் நிலைக்கு வந்தது. ஆனால் ஓட விட நேரமில்லை. ஐந்து மணிக்குப் பூசை, அது முடிய நடுச்சாமம் மட்டும் ஆராதனை. பூசையில் சுவாமி பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். இந்த வருடம் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் கனிசியஸ்.

அந்த நேரம் பார்த்து லவீனா போன் எடுத்தாள். கனடாவில் அப்போதுதான் விடிந்திருந்தது.

"அப்பா, இண்டைக்கு ஒட்சிசன் பாவனை எக்கச்சக்கமாக் காட்டுது!"

கனிசியஸ் திரையைத் திரும்பிப் பார்த்தார். எவ்வளவு ஒட்சிசன் செலவாகிறது என்று காட்டும் பாவனை மானி பிள்ளைகளின் போனிலும் தெரியும் என்பதை அவர் மறந்துபோயிருந்தார். "அது பிள்ளை... கொஞ்சம் வேலை இருந்தது."

"நல்லது, நல்லது. நல்லா ஓடித் திரிஞ்சிருக்கிறியள் போலை."

"ஓம். ஓடினதுதான்."

"அப்பிடித்தான் இருக்கோணும். வழமையா ஒரு நாளைக்குப் பதினெட்டுத்தானே போறது."

செலவு கூடினால் சந்தோசப்படும் இந்தப் பழக்கம் அவளுக்குக் கனடாவில்தான் வந்திருக்க வேண்டும் என்று கனிசியஸ் முன்பே எண்ணியிருந்தார். ஒருநாளாவது "எவ்வளவு மிச்சம்" என்று கேட்டதில்லை. எப்போதும் "எவ்வளவு போச்சு" என்றுதான் கேட்பாள்.

"பிள்ளை, நான் இனிப் போனை நிப்பாட்டிப்போடுவன். நாளைக்கு வழிபாடு முடியுமட்டும் தொடமாட்டன்."

"தெரியும் அப்பா, ஒவ்வொரு வருசமும் உதுதானே. போன் இல்லாட்டிப் பறவாயில்லை. நிலையத்துக்குள்ளை மட்டும் நில்லுங்கோ. அது காணும்."

இவ்வளவு நம்பிக்கையைத் தாங்கிக்கொண்டு கனிசியஸ் போனை நிப்பாட்டினார். தக்காளியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்றைய அறிக்கையில், "தோட்ட அறையில் சிறு திருத்த வேலை. செடிகள் பற்றிப் பின்னர் அறிவிக்கப்படும்" என்று மட்டும் எழுதினார்.

பிறகு கணக்குப் பார்த்தார். ஒரு நாளைக்குப் பதினெட்டுப் போகிறது. நிலையத்தில் ஐந்து பேர். ஆளுக்கு மூன்று தசம் ஆறு. இருப்பதோ பதினைந்து. நாளை மாலைக்கு முன் முடிந்துவிடும். ஆனால் ஐந்து பேரில் ஒருவர் மூச்சு விடாவிட்டால், மிச்ச நால்வருக்கும் பதினாலு தசம் நாலு. தசம் ஆறு மிஞ்சும்.

அந்த ஒருவர் யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இந்தத் தவக்காலத்துக்கு அவர் இன்னும் உருப்படியான ஒறுத்தல் ஒன்றும் செய்திருக்கவில்லை. இறைச்சியை விட்டது டொக்டர் சொல்லி.

நிலையத்து அலுமாரியில் மூன்று சிறிய சிலிண்டர்கள் வந்த நாள் தொடக்கம் தொடாமல் கிடந்தன. ஒன்று பன்னிரண்டு மணித்தியாலத்துக்குக் காணும். கனிசியஸ் தன் உருவத்துக்கு விண்வெளி உடுப்பைப் போட்டு, ஒரு சிலிண்டரை முதுகில் பூட்டி, மற்ற இரண்டையும் இடுப்பில் கட்டி, நிலையத்துக்கு வெளியே அனுப்பினார். கூரைக் கம்பியில் கயிற்றால் கட்டி இருத்தினார். இனி நிலையத்துக் காற்றில் ஒரு மூச்சும் அவர் கணக்கில் போகாது. கொம்பியூட்டரை நிப்பாட்டாமல் வெளிக்கிட்டார்.

பக்கத்து வீட்டு எமில்ராஜ் தன் ஓட்டோவோடு ஒழுங்கையில் காத்துக்கொண்டு நின்றான்.

"என்னண்ணை, சுணக்கம்? காலைக் கழுவினனியளோ?"

"சுவாமி கழுவுவார்தானே."

"அவர் கழுவ முன்னம் நாங்கள் கழுவோணும் அண்ணை. போன வருசம் சிமியோன் அண்ணை கடலாலை நேரை வந்து காலை நீட்ட, சுவாமி மூண்டு முறை தண்ணி மாத்தினவர். ஏறுங்கோ, வழியிலை பைப்பிலை நிப்பாட்டுறன்."

வெள்ளிக்கிழமை காலை, கனிசியஸ் கஞ்சியைக் குடித்துவிட்டு முன்னறைக்கு வந்தார். கதவைப் பூட்டினார். யன்னல்களையும் சாத்தினார். யாராவது எட்டிப் பார்த்தால், பெரிய வெள்ளியும் அதுவுமாய்க் கனிசியஸ் விளையாடிக்கொண்டிருக்கிறார் என்பார்கள். காவல் என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

மானியைப் பார்த்தார். பதினைந்து.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பதினைந்துதான். இரவு முழுக்கப் போயும் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

ஏழு மணிக்குப் பதினைந்து. எட்டு மணிக்குப் பதினைந்து. ஒவ்வொரு மணித்தியாலமும் கொப்பியில் எழுதினார். இது மானியின் பிழை என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் மானியைத் தட்டிப் பார்க்க வழியில்லை. பதினொரு மணிக்குப் பேனையை வைத்துவிட்டு எழும்பி நின்றார். தன் ஒறுத்தல் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. கொப்பியில், "11.00. பதினைந்து. இறைவனுக்கு நன்றி" என்று எழுதினார். இதை எவருக்கும் சொல்லக்கூடாது, அடைக்கலநாதனுக்குக் கட்டாயம் சொல்லக்கூடாது என்றும் தீர்மானித்தார்.

ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டார். அதில் கூரையில் இருக்கும் தன் உருவத்தின் மூச்சுக் கேட்டது. அந்த மூச்சோடு மூச்சாகச் சிலுவைப்பாதை செபத்தைச் சொல்லிக்கொண்டு இருந்தார். திரையில் நாலு கட்டில்; நாலு பிள்ளைகள். மார்கிரட் இருந்தால் இதைப் பார்த்து என்ன சொல்வாள் என்று யோசித்தார். "முதல்லை நீங்கள் சாப்பிட்டனியளோ?" என்றுதான் கேட்டிருப்பாள்.

செபத்தின் ஒன்பதாம் தலத்தில் கதவு உடைந்தது.

அவர் திரும்பும்போது கதவு தரையில் கிடந்தது. அதன்மேல் எமில்ராஜ் கதவை நெம்பிய அலவாங்கோடு நின்றான். அவனுக்குப் பின்னால் கோயிலுக்கு வெளிக்கிட்ட வெள்ளை வேட்டியோடு அடைக்கலநாதன். அவருக்குப் பின்னால் அம்புலன்ஸ்காரர் இருவர். ஒருவர் தோளில் நிஜமான ஒட்சிசன் சிலிண்டர்.

கனிசியஸ் ஹெட்போனைக் கழற்றினார். முதலில் சிலிண்டரைத்தான் பார்த்தார். "உது எத்தினை லீற்றர்?"

அடைக்கலநாதன் கதவின்மேல் அப்படியே குந்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. "கதைக்கிறார்" என்றார். "உந்தாள் கதைக்கிறார்."

"ஏன், கதைக்காமல்? எமில்ராஜ், பெரிய வெள்ளியிலை ஆணியே அடிக்கிறேல்லை, நீ என்ரை கதவை உடைக்கிறியோ?"

"இருவது நிமிசமாத் தட்டுறம் அண்ணை. யன்னலெல்லாம் சாத்தியிருக்கு. போனும் வேலை செய்யேல்லை." எமில்ராஜ் மூச்சிரைத்தான். அவன் மற்றக் கையில் பிடித்திருந்த போனிலிருந்து யாரோ கத்தும் சத்தம் கேட்டது. அதைக் காதில் வைத்து, "ஓம் ஜெயசுதன், இருக்கிறார். கதிரையிலை. ஓம், உயிரோடைதான்... ஏசிக்கொண்டிருக்கிறார்" என்றான். போனுக்குள் யாரோ அழுதது முன்னறை முழுக்கக் கேட்டது.

"ஏன் அவன் அழுறான்?" என்றார் கனிசியஸ். "அவனுக்குச் சொல்லு, அவன் நல்லா இருக்கிறான். நாலு பேரும் நல்லா இருக்கினம். நேற்று ஒரு சின்ன விபத்து. காத்துக் காணாமல் போகப் பாத்தது. நான் வெளியிலை போய் இருந்து, என்ரை மூச்சை நிப்பாட்டி, பதினைஞ்சிலை பிடிச்சு வைச்சிருக்கிறன். நேற்றுப் பின்னேரம் துவக்கம் பாவனை பூச்சியம். வேணுமெண்டால் மானியைப் பாக்கச் சொல்லு!"

"பாத்துப்போட்டுத்தான் எடுத்தவன்" என்றான் எமில்ராஜ். அலவாங்கைச் சுவரில் சாத்திவிட்டு, அவருக்கு முன்னால் வந்து குந்தினான். "அண்ணை, உங்கை படுத்துக் கிடக்கிற நாலு பேரும் மூச்சே விடுறேல்லையாம், அந்தப் பதினெட்டும் நீங்கள் ஒராள் விடுற மூச்சாம், அது போகுதோ எண்டு பாத்திட்டுத்தான் பிள்ளையள் ஒவ்வொரு நாளும் வேலைக்கு வெளிக்கிடுறவையாம்."